நுவரெலியாவுக்கு வேன் அனுப்பும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

மண்ணடி, பாரிமுனை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் அலுவலகம் வைத்து இலங்கைக்கு ஆள் கூட்டிப் போகும் பயண ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் நோட்டீஸ்கள் எனக்குத் தவறாமல் வந்து சேருகின்றன. ஐந்து நாள், நான்கு இரவு, விமான டிக்கெட், தமிழ் பேசும் வழிகாட்டி, மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு. பின்னவல யானைகள், கண்டி தலதா மாளிகை, றம்பொடை அனுமார், நுவரெலியா, சீதா எலியவில் சீதையம்மன் கோயில், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், ஆள் சேர்ந்தால் கதிர்காமம். விலையிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் திட்டத்தில் ஒரு வரி எல்லா நோட்டீஸிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது: ‘வழியெங்கும் தேயிலைத் தோட்டங்களின் பச்சைப் பசேல் அழகை ரசித்தல்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பச்சைக்குள் ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தமிழ் ஊர்கள். உங்கள் வேன் அவற்றின் வாசல் வழியாகத்தான் போகிறது, ஆனால் வேனில் இருப்பவர்களிடம் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஊரில் என் அத்தை இருக்கிறார். அந்த ஊரைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் மூன்றாம் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மே மாதம் பிறந்ததும் பத்து வேன் வரிசையாக வந்து நிற்கும், அத்தை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் சாலை தெரியும்தானே? செயின்ட் கிளேயர் அருவியைப் பார்க்க நீங்கள் வண்டியை ஓரங்கட்டும் அதே சாலை. அதை விட்டு மேலே ஏறும் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையிலிருந்து பார்த்தால் தேயிலை மட்டும்தான் தெரியும். கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் ஆட்டோ முனகிக்கொண்டே ஏறும். ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமியைக் கூப்பிடுவார். முதலில் மாரியம்மன் கோயில் தென்படும். கொஞ்சம் கீழே பிள்ளைக் காம்பரா, அதாவது அம்மாக்கள் மலைக்குப் போயிருக்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அப்புறம் லயங்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய நீண்ட வரிசைக் கட்டடம்தான் லயம். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடுகள். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இன்னொரு வரிசையும் இருக்கும். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, அதாவது அறை ஒன்று, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, நம் திண்ணை மாதிரி. இஸ்தோப்பைத் தட்டி வைத்து மறைத்து அடுப்படியாக்கியிருப்பார்கள். தகரம் காற்றில் எழும்பாமல் இருக்கக் கூரைமேல் கல்லும் பழைய டயரும். அத்தையின் காம்பராவில் ஒரு கட்டில், ஒரு டிவி, மூன்று தலைமுறைக் கல்யாணப் போட்டோக்கள், அவற்றுக்கு மேலே முருகன் காலண்டர். மழை பெய்யும்போது கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த வீடு அத்தைக்குச் சொந்தமில்லை. அவர் மாமியார் பிறந்து, வாழ்ந்து, செத்த வீடு அது. ஆனாலும் சொந்தமில்லை. வீடும் மண்ணும் தோட்டத்தினுடையவை. பல ஆண்டுகள் கடிதம்கூடத் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நம் ஊராட்சி மாதிரி அங்கே பிரதேச சபை, அதற்கு இவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் அந்தச் சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போட நினைத்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. 2018-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். லயத்துக்கு வெளியே சிறு நிலத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்களும் நடக்கின்றன, இந்திய அரசின் பணமும் அதில் இருக்கிறது. அத்தை டிவிசனில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

காலை ஆறரைக்கெல்லாம் பெரட்டுக்களத்தில் ஆள் சேர்ந்துவிடும். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து, அதாவது செடியின் கிளை வெட்டும் வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடும் மருந்து டாங்கியோடும் ஒரு பக்கம் போவார்கள், பெண்கள் இடுப்பில் படங்கை, அதாவது சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பக்கம். நீங்கள் நோட்டீஸில் போடும் மூங்கில் கூடை இப்போது பெரும்பாலும் படத்துக்கு மட்டும்தான். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் தொங்கவிடுவது இன்று நைலான் சாக்கு. இரண்டு இலை, ஒரு மொட்டு. கை அதுபாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே இருக்கும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும், வாய் பக்கத்து நிரையில் இருப்பவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். காலில் அட்டை ஏறினால் உப்பு. மழை வந்தாலும் நிற்க மாட்டார்கள். நின்றால் கிலோ போய்விடும்.

நிறுவைதான் அந்த ஊரின் முக்கியமான காட்சி. உங்கள் பயணிகள் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும். பெண்கள் வரிசையாகச் சாக்கை மாட்டுவார்கள், கணக்கப்பிள்ளை எழுதுவார். சாக்கின் எடைக்கு, இலையில் இருக்கும் ஈரத்துக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் சில கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எல்லா வாய்த்தகராறும். அத்தை சாக்கை மாட்டிவிட்டுத் தராசு முள்ளைப் பார்க்க மாட்டார், கணக்கப்பிள்ளையின் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘முள்ளு பொய் சொல்லாது மருமகனே, பேனாதான் சொல்லும்’ என்றார் என்னிடம், கணக்கப்பிள்ளை காதில் விழும்படியாகவே. அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார், கழிக்க வேண்டியதைக் கழித்தும்விட்டார். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2021-ல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. 2024-ல் 1,350 ஆனது. இலங்கை ரூபாய். நம் காசுக்கு அது நானூறைக்கூட எட்டவில்லை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து சுருண்டால் ஒரு கிலோ தேயிலை வரும் என்பது கணக்கு. உங்கள் பயணிகள் தொழிற்சாலைக் கடையில் அழகான பெட்டியில் வாங்கும் தேயிலையின் விலையைப் பக்கத்தில் வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தை வீட்டில் நான் குடித்த தேத்தண்ணி தூசித் தேயிலையில் போட்ட சாயம். பால் கிடையாது, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மடக்கு. கூடவே கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டி, கட்டச்சம்பல். ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

சாமிகளையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் பக்திப் பயணமும் போடுகிறீர்கள். மாரியம்மனும் முருகனும் ஊரிலிருந்து கூடவே போனவர்கள். அந்த மலையில் பிறந்த சாமிகளும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ஒரு முனி, பெயர் ரோதமுனி. கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கும்பிடுவதற்குக் கவ்வாத்துச் சாமி. கையைக் காலை எடுத்துவிடக்கூடிய இயந்திரத்துக்கும் கத்திக்கும் நடுவில் வாழ்கிறவர்கள், அவற்றுக்கே ஒரு சாமியை உட்கார வைத்துவிட்டார்கள். மாசி மாதம் போனால் காமன் கூத்து. ரதியும் மன்மதனும் வேடம் கட்டி ஊர் முழுக்க வருவார்கள், தப்புச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். தமிழ்நாட்டிலேயே பல ஊர்கள் கைவிட்டுவிட்ட கூத்து இது. இதற்கு ஒரு பேக்கேஜ் போட்டால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

இவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்பதுதான் உங்கள் வழிகாட்டிகள் முழுதாக விட்டுவிடும் பகுதி. 1820-களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டம் போட்டபோது தொடங்கியது. கங்காணிமார் வந்து திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆள் கட்டினார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் தள்ளிவிட, கங்காணியின் முன்பணம் இழுத்துக்கொண்டு போனது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869-ல் காப்பியில் இலைத்துரு நோய் வந்து இருபது ஆண்டுக்குள் காப்பியே அழிந்தது. மலை முழுக்கத் தேயிலை ஆனது, ஆளும் வந்துகொண்டே இருந்தது. நம் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் யார் யாரை ஏற்றிப் போனது என்று நினைக்கிறீர்கள்? வியாபாரிகளும் அதிகாரிகளும் மட்டுமா?

இந்த மலைநாட்டுத் தமிழ் மக்களைத்தான் அங்கே மலையகத்தார் என்கிறார்கள். 2023-ல் மலையகம் 200 என்று, முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த அதே பாதையில் பெரும் கூட்டம் மீண்டும் நடந்தது. இங்கே எத்தனை பேர் கவனித்தோம்?

சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத்து மக்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை என்று ஆனது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரையும் கூப்பிட்டு ‘உனக்கு எங்கே இருக்க விருப்பம்’ என்று கேட்டு ஒப்பந்தம் போடவில்லை. எண்ணிக்கை முதலில் வந்தது, விண்ணப்பம் அப்புறம் வந்தது.

எங்கள் வீடு அப்படித்தான் பிளந்தது. 1973, 74-ல் தோட்டங்களில் கடும் உணவுத் தட்டுப்பாடு, பட்டினிச் சாவுகள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அத்தையைக் கட்டிய மாமா வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோச்சி, அதாவது ரயில் ஏறும் நாளில் ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரியாம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கையில் குடும்ப அட்டையோடு தாத்தா எந்த ஊருக்குத் ‘திரும்பினார்’ என்பது அவருக்கே விளங்கவில்லை. அவர் பிறந்தது தலவாக்கலையில். நீலகிரியில் கொஞ்ச நாள் தேயிலையிலேயே வேலை, அப்புறம் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கூட்டம் கூட்டமாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வட சென்னை. அப்பா வளர்ந்ததும் நான் பிறந்ததும் இங்கேதான்.

எங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு முகம் உண்டு. பர்மா பஜார் உண்டு, சாயங்காலம் ஆனால் அத்தோவும் மொய்ங்காவும் உண்டு, தெருப் பெயர்கூட உண்டு. சிலோன்காரர்களுக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. ரொட்டியைக் கடை போட்டு விற்க யாருக்கும் தோன்றவில்லை. ‘சிலோன்’ என்றால் வானொலியும் பரோட்டாவும்தான் ஞாபகம் வருகிறது, அந்தப் பரோட்டாவுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. பிறகு 83-க்குப் பின் வந்த அகதிகளோடு எங்களையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். புழல் முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் இருப்பவர்களின் கதை வேறு, எங்கள் கதை வேறு. இரண்டும் ஒரே ஆளுக்கு நேர்ந்ததும் உண்டு: தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போய், அங்கிருந்து போருக்குப் பயந்து இங்கே வந்தவர்கள். அதைத் தனியாக ஒரு மடலில் எழுதலாம்.

சரி, உங்கள் வேனுக்கு வருகிறேன். ஒருமுறை நான் அத்தையைப் பார்க்கப் போனது உங்களில் ஒருவரின் பேக்கேஜில்தான். தனியாகப் போவதைவிட மலிவு, கடைசி இரண்டு நாள் கழன்றுகொள்ளலாம் என்று ஏற்பாடு. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் தொழிற்சாலை காட்டினார்கள். கொழுந்தை எப்படி வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், புளிக்கவிட்டு உலர்த்துகிறார்கள், எத்தனை ரகமாகப் பிரிக்கிறார்கள் என்று இருபது நிமிட விளக்கம். அருமையாகச் சொன்னார் அந்தப் பெண். இலையின் பிறப்பு முதல் கோப்பை வரை முழு வரலாறும் வந்தது. பறித்த கை மட்டும் வரவில்லை.

அப்புறம் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். சாலையோரச் செடிகளுக்கு நடுவில் பொட்டு வைத்து, புதுச் சேலை கட்டி, மூங்கில் கூடையோடு இரண்டு பெண்கள். படம் எடுத்துக்கொள்ளலாம், நூறு ரூபாய் கொடுத்தால் போதும் என்றார் வழிகாட்டி. நம் ஆட்கள் வரிசையாக நின்று எடுத்தார்கள். நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். அந்த நூறு ரூபாய்க்கு எவ்வளவு கொழுந்து கிள்ள வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் துறையூர்க்காரர் ஒருவர் இருந்தார், கொடுங்கையூரில் இரும்புக் கடை. அவர் அந்தப் பெண்ணிடம், ‘ஏம்மா, நீ சிலோன் தமிழ் பேசவே இல்லையே, எங்க ஊர்ப் பக்கம் பேசற மாதிரியே பேசறியே’ என்றார். அந்தப் பெண், ‘எங்க பாட்டன் பூட்டன் முசிறிப் பக்கம்னு சொல்லுவாங்க சார், நாங்க பாத்ததில்ல’ என்றது. முசிறியும் துறையூரும் எவ்வளவு தூரம்? அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ‘முசிறியில எங்கம்மா, எந்தத் தெரு’ என்று தொடங்கினார். வேனிலிருந்து ஹாரன். கிரிகோரி ஏரியில் படகு மூடிவிடுவார்களாம். அவர் ஏறிவிட்டார். நுவரெலியா வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதருக்கு நீங்கள் விற்றிருக்க வேண்டிய பயணம் அதுதான். படகு நம் ஊட்டியிலும் இருக்கிறது.

‘வாடிக்கையாளர் கேட்பது குளிரும் போட்டோவும்தான், சரித்திரம் கேட்டு யாரும் பணம் கட்டுவதில்லை’ என்பீர்கள். சீதையம்மன் கோயிலில் ராவணன் கதையை அரை மணி நேரம் நின்று கேட்கிறார்களே, ஆற்றங்கரைப் பாறையில் அனுமார் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அது என்ன? கதை கேட்க நம் ஆட்களுக்குச் சலிப்பே கிடையாது. அந்தக் கோயிலுக்கு இத்தனை ஆண்டும் விளக்கேற்றி வந்தவர்களே சுற்றுவட்டத் தோட்டத்து மக்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை குறைந்தா போகும்? உங்கள் பயணிகள் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரிடமும் பூர்வீகம் கேட்டுப் பாருங்கள். நாமக்கல், பெரம்பலூர், புதுக்கோட்டை, சிவகங்கை என்று வந்தால், ‘உங்க தாத்தா வழியில யாராவது கண்டிச் சீமைக்குப் போனதுண்டா’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பதில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே மலையே சரிந்தது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன, மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் பிய்ந்து தொங்கியது. அதே புயல் வலுவிழந்து நம் கடலோரம் வந்து நின்று டிசம்பர் முதல் இரண்டு நாளில் எண்ணூரையும் மணலியையும் நனைத்து எடுத்தது. இங்கே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் அத்தைக்குப் போன் போட்டபடி இருந்தேன், அங்கே டவர் இல்லை. அந்த வாரம் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. நுவரெலியா ரோடு திறந்துவிட்டதா, ஹோட்டல் முன்பணம் திரும்புமா, ஜனவரிக் குழுவை கேரளாவுக்கு மாற்றலாமா. வியாபாரம் என்றால் அதெல்லாம் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் வருடக்கணக்காகப் படம் எடுத்த அந்த வளைவுகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது ஒரு வரி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லயங்கள் பெரும்பாலும் சரிவில்தான் இருக்கின்றன. சமதரையில் தொழிற்சாலையும் பங்களாவும் இருக்கும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனது ஞாபகம் இருக்கலாம். அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போ என்றால் எங்கே போவது? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவனுக்கு எச்சரிக்கைத் தாள் கொடுத்து என்ன பயன்? தித்வாவில் அத்தையின் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே ஒரு லயத்தில் சுவர் பிளந்து, அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வழிகாட்டிகளுக்கு இந்த மடலில் இருக்கிற கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுங்கள். வேன் மலை ஏறத் தொடங்கும்போது சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு அதைச் சொல்லட்டும். மூன்றாம் நாளில் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு தோட்டத்து ஊரில் நில்லுங்கள். கோயில் கமிட்டியிடமோ தோட்டத் தலைவரிடமோ முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள், மரியாதையாக வரவேற்பார்கள். தோட்டத்துக் கடையில் ஆளுக்கு ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிச் சாப்பிடுங்கள், அந்தப் பணம் அங்கேயே நிற்கும்.

ஒரு பயம் எனக்கும் உண்டு. வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடுவார்களோ என்பது. ஆகவே சில விஷயங்களில் கறாராக இருங்கள். கூப்பிடாமல் லயத்துக் காம்பராவுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அது ஒருவரின் படுக்கையறை. பிள்ளைகளை நோக்கி வேன் ஜன்னல் வழியாக பிஸ்கட்டும் மிட்டாயும் வீசக் கூடாது. நானே பார்த்திருக்கிறேன், பார்த்தவுடன் ரத்தம் கொதித்தது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், தோட்டத்துப் பள்ளிக்கூட அதிபரை, அதாவது தலைமை ஆசிரியரைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கட்டும். ‘ஐயோ பாவம்’ என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் ஆசிரியர் உண்டு, நர்ஸ் உண்டு, கொழும்பில் கடை வைத்தவர்கள் உண்டு. அத்தையின் மகன் புறக்கோட்டையில் ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறான், பேத்தி பல்கலைக்கழகத்துக்குத் தேறியிருக்கிறாள். தோட்டத்தில் பெயர் பதியக் கூடாது என்று அத்தைதான் இருவரிடமும் சொல்லி வளர்த்தார். இன்னும் இருபது வருடத்தில் கொழுந்து கிள்ள ஆள் இருப்பார்களா என்று துரைமாருக்கே கவலை.

நோட்டீஸில் இருக்கும் அந்த வரியையும் மாற்றிவிடுங்கள். ‘தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஊர் ஒன்றில் ஒரு மணி நேரம்’ என்று போட்டால் போதும். முதலில் இதை யார் போடுகிறார்களோ அவர்களுக்கு என் செலவில் பத்துப் பேரைச் சேர்த்துவிடும் வசதி எனக்கு இல்லை, ஆனால் துறையூர்க்காரர் தன் அண்ணன் தம்பிகளோடு மறுபடி போகத் தயாராக இருக்கிறார். அவர் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். வழிகாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம், ஒரு டீ போதும், பாலோடு.

கோடை விடுமுறைக் குழுக்களுக்கு இப்போதே தேதி குறிப்பீர்கள் என்று தெரியும். ஒரு விஷயம் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, கொழுந்து மடுவம் பூட்டியிருக்கும். போயா என்னும் பௌர்ணமி விடுமுறையிலும் பெரும்பாலும் அப்படித்தான். சனிக்கிழமை சாயங்கால நிறுவைக்குப் போய்ச் சேருகிற மாதிரி வண்டியை எடுங்கள். கண்டியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நேரம் ஓடிவிடும், பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தோட்டத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை,
தண்டையார்பேட்டை